பெங்களூரில் வீடோ மனையோ வாங்கப் போகிறீர்களா? எந்த அலுவலகத்தில் எதைப் பார்ப்பது

பெங்களூரில் இடம் பார்க்க இறங்கும் தமிழர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "பட்டா யார் பேர்ல இருக்கு?" என்றுதான். தரகர் கொஞ்சம் விழிப்பார். பிறகு, "ஏ கத்தா இருக்கு சார், கவலையே படாதீங்க" என்பார். சரி, கத்தாதான் இந்த ஊர்ப் பட்டா போலிருக்கிறது என்று நாமும் விலை பேசப் போய்விடுவோம்.

கத்தா உரிமைப் பத்திரம் இல்லை. இந்தச் சொத்துக்கு வரி யாரிடம் வாங்குவது என்று மாநகராட்சி எழுதி வைத்திருக்கும் கணக்கு, அவ்வளவுதான். இடம் யாருடையது என்பதைப் பத்திரங்கள் சொல்லும். அங்கே வீடு கட்டலாமா என்பதை நகரத் திட்ட வரைபடம் சொல்லும். தண்ணீர் வருமா என்பதைச் சொல்ல வேறொரு வாரியம் இருக்கிறது. இந்த நான்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை; சேர்த்துப் பார்க்க வேண்டியவர் காசு கொடுக்கப்போகும் நீங்கள்தான். ஹொரமாவு பக்கம் 30-க்கு 40 மனை ஒன்று வாங்கி முடிப்பதற்குள் நான் கற்றதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன். வரிசை முக்கியம். பலரும் கத்தாவில் தொடங்கி வரைபடத்தைப் பார்க்காமலே முடித்துவிடுகிறார்கள்.

1. இடம் யார் எல்லைக்குள் வருகிறது?

2007-லிருந்து நகரம் முழுவதும் பிபிஎம்பி என்ற ஒரே மாநகராட்சியாக இருந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அது மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என ஐந்து மாநகராட்சிகளாகிவிட்டது. அவற்றுக்கு மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம், சுருக்கமாக ஜிபிஏ. அதன் தலைவர் முதலமைச்சர். பழைய வரி ரசீதிலும் கத்தாவிலும் பிபிஎம்பி என்று இருந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் இடம் இப்போது எந்த மாநகராட்சி, எந்த வார்டு, எந்த வருவாய் உதவி அலுவலகம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அலுவலகத்தை எல்லாரும் ஏஆர்ஓ ஆபீஸ் என்றே சொல்வார்கள்.

கவுன்சிலரைப் பிடித்து வேலை முடிக்கலாம் என்ற நம் ஊர் நினைப்பு இங்கே வெகுகாலம் உதவவில்லை. பழைய மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அதிகாரிகள்தான் நகரத்தை நடத்தினார்கள்.

மாநகராட்சிக்கு வெளியே மற்றவர்கள்: லேஅவுட் போடுவது பிடிஏ என்ற பெங்களூர் வளர்ச்சி ஆணையம், 1976-ல் வந்தது. குடிநீரும் சாக்கடையும் பிடபிள்யூஎஸ்எஸ்பி, மின்சாரம் பெஸ்காம், பத்திரப் பதிவு மாநில அரசின் சார்பதிவாளர் அலுவலகம்.

இரண்டு இடங்களில் குழப்பம் வரும். பிடிஏ லேஅவுட் இன்னும் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்படவில்லை என்றால் கத்தா பிடிஏவிடமே இருக்கும். ஏஆர்ஓ ஆபீஸில் போய் நின்று பயனில்லை. ஆனேகல், ஹொசகோட்டே, நெலமங்களா பக்கம் போனால் இடம் கிராமப் பஞ்சாயத்திலோ சிறு நகராட்சியிலோ இருக்கலாம். பஞ்சாயத்தில் கத்தாவுக்குப் பதிலாகக் கேட்க வேண்டியது ஃபார்ம் 9, ஃபார்ம் 11. "சீக்கிரமே கார்ப்பரேஷன்ல சேர்ந்துடும் சார்" என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

2. வரைபடம்: ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள்

நகரம் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் ஆவணம் மாஸ்டர் பிளான். 2007-ல் வெளியான, 2015-ஐ இலக்காகக் கொண்ட திட்டத்தைத்தான் இந்த ஊர் வெகுகாலமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2031-க்கான வரைவு 2017-ல் வந்தது, பிறகு கைவிடப்பட்டது. நகரம் அதற்குள் எங்கேயோ போய்விட்டது. வரைபடம் மட்டும் அங்கேயே நிற்கிறது. ஆனாலும் அனுமதி கொடுப்பவர் புரட்டிப் பார்ப்பது அதைத்தான்.

அதில் நகரம் 47 திட்டப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வரைபடங்களை பிடிஏ தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். முதலில் உங்கள் இடத்தின் கிராமப் பெயரையும் சர்வே எண்ணையும் வாங்குங்கள். மனை எண் போதாது, சர்வே எண் வேண்டும். தரமாட்டேன் என்று இழுத்தடிக்கும் தரகரோடு மேலே பேசுவதில் அர்த்தமில்லை. பிறகு கர்நாடக அரசின் திஷாங்க் செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டு இடத்தில் போய் நில்லுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணை அது காட்டும். சொன்ன எண்ணும் காட்டும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஓரமாக இருக்கும் மனை என்றால் செயலி பக்கத்து எண்ணைக் காட்டக்கூடும். அப்போது உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளப்பது நல்லது.

வரைபடத்தில் தேட வேண்டியவை மூன்று.

நிறம்: மஞ்சள் என்றால் குடியிருப்பு. நீலம் வணிகம், ஊதா தொழிற்சாலை, பச்சை பூங்காவும் திறந்தவெளியும். பச்சையில் விழும் மனை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

தண்ணீர் போகும் வழி: இங்கே மழைநீர் ஓடைகளை ராஜகாலுவே என்பார்கள். ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குப் போக வெட்டிய கால்வாய்கள். 2015 திட்டப்படி ஏரியைச் சுற்றி 30 மீட்டரும், ஓடையின் நடுவிலிருந்து அதன் தரத்துக்கேற்ப 50, 25, 15 மீட்டரும் விட வேண்டும். 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் இந்த அளவுகளைக் கூட்டியது, 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதி எப்படி மாறினாலும் தண்ணீர் தன் பாதையை மறப்பதில்லை. 2022 செப்டம்பர் மழையில் சர்ஜாபுரா சாலைப் பக்கம் கோடிகளில் விலைபோன வில்லாக்களிலிருந்து ஜனங்களை டிராக்டரிலும் படகிலும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஆகவே கிராம வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள். இன்று கண்ணுக்கே தெரியாத ஓடை அதில் கோடாக இருக்கும். முடிந்தால் நல்ல மழைக்கு மறுநாள் இடத்துக்குப் போங்கள். எதிர்வீட்டுச் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்ற கறை தெரியும்.

வரப்போகும் சாலை: மாஸ்டர் பிளானில் அகலப்படுத்த வேண்டிய சாலை என்று குறித்திருந்தால் உங்கள் மனையின் முன்பகுதி காகிதத்தில் உங்களுடையதாக இருந்தும் கட்ட முடியாததாகிவிடும். இதைவிட மோசமானது நில எடுப்பு அறிவிப்பு. வெளிவட்டச் சாலைக்கும் வெளியே 73 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட பெரிஃபெரல் ரிங் ரோட்டுக்கு 2000-களின் நடுவில் அறிவிப்பு வந்தது. அந்தப் பாதையில் நிலம் வைத்திருந்தவர்கள் கட்டவும் முடியாமல் நல்ல விலைக்கு விற்கவும் முடியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்போது அதன் பெயர் பெங்களூரு பிசினஸ் காரிடார். வில்லங்கச் சான்றிதழில் இந்த மாதிரி அறிவிப்பு வராமல் போகலாம். பிடிஏவின் நில எடுப்புப் பிரிவில் சர்வே எண்ணைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மெட்ரோ வருகிறது என்று காட்டி விலை ஏற்றுவார்கள். மஞ்சள் பாதை, ஆர்.வி. ரோடிலிருந்து பொம்மசந்திராவுக்கு, 2025 ஆகஸ்ட் 10-ல் திறந்தது. அதற்காக அந்தப் பக்கத்து ஜனங்கள் காத்திருந்த காலத்தை அவர்களிடமே கேளுங்கள். ஓடுகிற ரயிலுக்கு விலை கொடுக்கலாம், தூணுக்குக் கொடுக்காதீர்கள்.

3. பத்திரங்கள்: வக்கீலுக்கு முன் நீங்கள் ஒருமுறை

வக்கீல் வைத்தாக வேண்டும். அவர் விற்பவரோ தரகரோ கைகாட்டிய ஆளாக இருக்கக் கூடாது. வங்கிக் கடன் வாங்கினால் வங்கியும் ஒரு வக்கீலை வைத்துப் பார்க்கும், ஆனால் அவர் வங்கிக்கு வேலை செய்கிறார். கேட்க வேண்டியவை:

- தாய்ப் பத்திரமும் அதிலிருந்து இன்றுவரை வந்த கிரயப் பத்திரங்களும், நடுவில் ஒன்றும் விடாமல்.
- வில்லங்கம். பதிவுத் துறையின் காவேரி தளத்தில் ஆன்லைனில் எடுக்கலாம். 2004-க்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டிவரும். பரிவர்த்தனை இருந்தால் ஃபார்ம் 15, இல்லையென்றால் ஃபார்ம் 16.
- விவசாய நிலமாக இருந்திருந்தால் ஆட்சியர் கொடுத்த நில மாற்ற உத்தரவு. டிசி கன்வர்ஷன் என்று கேளுங்கள். பழைய ஆர்டிசியும் வேண்டும், பஹணி என்பார்கள். நம் ஊர் அடங்கல் மாதிரி யாருடைய சாகுபடி என்று அதில் இருக்கும்.
- லேஅவுட் அனுமதி வரைபடம், சாலைகளையும் பூங்காவையும் ஒப்படைத்த பத்திரத்தோடு.
- கடைசி வரி ரசீது.

இரண்டு பொறிகள். தமிழில் எழுதினால் "ஜிபிஏ" என்றே வரும் இன்னொன்றும் இங்கே உண்டு: GPA என்ற பொது அதிகாரப் பத்திரம். அதை வைத்து விற்றால் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "இப்போ இதை வாங்கிக்கோங்க, ரிஜிஸ்ட்ரேஷன் பிறகு பண்ணிக்கலாம்" என்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

மற்றது பிடிசிஎல் சட்டம், 1978. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அரசு வழங்கிய நிலத்தை அரசின் அனுமதியில்லாமல் வாங்கினால் அந்த விற்பனை செல்லாது. நிலத்தைத் திரும்பக் கேட்க எந்தக் கால வரம்பும் இல்லை என்று 2023-ல் திருத்தமும் வந்துவிட்டது. நாலு கை மாறிவிட்டது என்பது பாதுகாப்பே இல்லை. மூல நிலம் அரசு வழங்கியதா என்று வக்கீலிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

பழைய பத்திரங்கள் கன்னடத்தில், கையெழுத்தில் இருக்கும். சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் கன்னடம் சரளமாகப் படிக்கிற பெரியவர்கள் உண்டு. வக்கீல் கொடுக்கும் சுருக்கத்தை நம்பினாலும், எல்லைகள் எழுதிய பகுதியையாவது ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, இடத்தில் போய் நான்கு பக்கமும் ஒப்பிடுங்கள்.

4. கத்தா: இப்போதுதான் இதன் முறை

ஏ கத்தா என்றால் அனுமதி பெற்ற சொத்து, வரிப் பதிவேட்டில் ஒழுங்காக ஏறியது. பி கத்தா என்றால் அனுமதியில் ஏதோ குறை இருக்கிறது, ஆனாலும் வரி வாங்கிக்கொள்கிறோம் என்று பொருள். பி கத்தாவை ஏற்காத வங்கிகள் உண்டு. கட்டட அனுமதி வாங்குவதும் தலைவலி.

2024 அக்டோபர் முதல் நகரத்துக்குள் பத்திரம் பதிய இ-கத்தா, அதாவது கணினியில் ஏறிய கத்தா, கட்டாயம். விற்பவர் பேரில் இறுதி இ-கத்தா வந்த பிறகு முன்பணத்தின் பெரும்பகுதியைக் கொடுங்கள். "அப்ளை பண்ணியாச்சு" என்பது கணக்கில்லை. வரைவு இ-கத்தாவை மாநகராட்சியின் இ-ஆஸ்தி தளத்தில் வார்டையும் உரிமையாளர் பெயரையும் வைத்து யாரும் தேடிப் பார்க்கலாம். இறுதிக்கு விற்பவர் ஏற்ற வேண்டியவை: ஆதார், கிரயப் பத்திரம், வரி விண்ணப்ப எண், 2004 ஏப்ரல் 1-லிருந்து இன்றுவரை வில்லங்கம், மின் இணைப்பு எண், சொத்தின் படம். கட்டணம் 125 ரூபாய். தானே செய்ய முடியாதவர்கள் பெங்களூர் ஒன் மையத்துக்குப் போகலாம். விண்ணப்பத்துக்கு 45 ரூபாய், ஸ்கேனுக்குப் பக்கத்துக்கு 5 ரூபாய்.

தமிழர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: பெயர். நமக்கு முன்னெழுத்து, இவர்களுக்குக் குடும்பப் பெயர். பத்திரத்தில் "எஸ். முருகன்" என்றும், ஆதாரில் "முருகன் சுப்பிரமணியன்" என்றும், பான் அட்டையில் "சுப்பிரமணியன் முருகன்" என்றும் இருக்கும். ஆள் ஒருவர்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. எனக்கு விற்றவரும் தமிழர்தான், பழைய ஆசாமி. அவர் பத்திரத்தில் ஒற்றை முன்னெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. இதனாலேயே வாரக்கணக்கில் தள்ளிப்போயிற்று. வாங்குவதற்கு முன்பே உங்கள் ஆதார், பான் இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கும்படி திருத்திக்கொள்ளுங்கள். பத்திரம் எழுதுபவரிடமும் ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். கன்னடத்தில் பெயர் ஏறும்போது 'ழ' எல்லாம் 'ள' ஆகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எழுத்தே விட்டுப்போயிருந்தால் வரைவிலேயே ஆட்சேபம் பதியுங்கள், இறுதியானபின் மாற்றுவது பெரும் பாடு.

பி கத்தாவை ஏ-வாக மாற்றித் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால், மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். 2025 நவம்பரில் அரசு இதற்கென 100 நாள் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வழிகாட்டி மதிப்பில் 5 சதவீதம் கட்ட வேண்டும் என்றது. சதுர அடிக்கு 4,000 ரூபாய் மதிப்புள்ள இடத்தில் 1,200 சதுர அடி என்றால் 48 லட்சம், அதில் 5 சதவீதம் 2,40,000 ரூபாய். இப்படிப்பட்ட திட்டங்களின் விகிதமும் கெடுவும் மாறிக்கொண்டே இருக்கும். பணம் கட்டும் நாளில் உள்ள அறிவிப்பைப் பாருங்கள், அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.

5. கட்டிய வீடோ ஃப்ளாட்டோ என்றால்

அனுமதி பெற்ற பிளான், ஓசி என்ற குடியேற்றச் சான்று, புதுத் திட்டமாக இருந்தால், கட்டுமான நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ரேராவின் பதிவு எண். ஓசி இல்லாத கட்டடங்கள் இந்த ஊரில் எக்கச்சக்கம். முன்பு அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சான்று இருந்தால்தான் மின்சாரமும் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்று சொன்ன பிறகு நிலைமை மாறிவிட்டது. 2025-ல் பலர் புதுவீடு கட்டிவிட்டு நிரந்தர மின் இணைப்பில்லாமல் தவித்தார்கள். 1,200 சதுர அடிவரை உள்ள மனைகளில் கட்டிய வீடுகளுக்கு அரசு பிறகு விலக்கு தந்தது. மாடி எத்தனை என்பதற்கும் அதில் வரம்பு உண்டு. நாலு மாடி பில்டர் ஃப்ளாட்டுக்கு அந்த விலக்கைக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

தண்ணீர்: காவிரி ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறந்தது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், முக்கியமாக 2007-ல் நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு. குழாய் தெருவில் இருப்பது வேறு, வீட்டுக்கு இணைப்பு இருப்பது வேறு. பிடபிள்யூஎஸ்எஸ்பி பில்லைக் கேளுங்கள். போர்வெல் மட்டும் என்றால், ஊரே தண்ணீருக்குத் தவித்த 2024 மார்ச்சில் அது ஓடியதா, டேங்கருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். அசோசியேஷன் செயலாளரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

6. பதிவுச் செலவு

விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன்மேல் கணக்கு. 45 லட்சத்துக்கு மேல் முத்திரைத் தீர்வை 5 சதவீதம். அந்தத் தீர்வையின்மேல் 10 சதவீதம் செஸ், 2 சதவீதம் சர்சார்ஜ். பதிவுக் கட்டணம் 1 சதவீதமாக இருந்தது, 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதம். 80 லட்சத்துக்கு:

- முத்திரைத் தீர்வை: 4,00,000
- செஸ்: 40,000
- சர்சார்ஜ்: 8,000
- பதிவுக் கட்டணம்: 1,60,000
- மொத்தம்: 6,08,000

அதாவது 7.6 சதவீதம். வங்கிகள் பொதுவாக இதற்குக் கடன் தராது, கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டுரைகளில் 6.6 என்று போட்டிருப்பதைப் பார்த்து பட்ஜெட் போட்டால் 80,000 ரூபாய் துண்டு விழும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தை விற்பவருக்குக் கொடுக்காமல் பிடித்து, டிடிஎஸ்ஸாக நீங்கள் வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் கதையே வேறு. விகிதம் பல மடங்கு. ஆடிட்டரைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டி பொதுவாக 5 சதவீதம் தனி, முடிப்புச் சான்று வந்த பிறகு வாங்கினால் கிடையாது.

முன்பணத்திலிருந்து பதிவுவரை மூன்று மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் முடியும் என்று எல்லாரும் சொல்வார்கள். இ-கத்தாவில் ஏதாவது திருத்தம் வந்தால் முடியாது. தாமதம் யாரால் என்றால் யாருக்கு நஷ்டம் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

7. பதிந்த பிறகு

சாவி வந்ததும் பலர் அசந்துவிடுவார்கள். கத்தா உங்கள் பேருக்கு மாற வேண்டும்; வழக்கமான கட்டணம் முத்திரைத் தீர்வையில் 2 சதவீதம், மேலே சொன்ன கணக்கில் 8,000 ரூபாய். பிறகு பெஸ்காம், தண்ணீர் இணைப்புப் பெயர் மாற்றம். சொத்து வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏப்ரலிலேயே மொத்தமாகக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. சுயமதிப்பீடு என்பதால் கட்டிய பரப்பளவை நீங்களே எழுதுவீர்கள். குறைத்து எழுத ஆலோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். பிறகு அளந்து பார்த்தால் வட்டியோடு அபராதமும் வரும்.

8. வேலை நகராவிட்டால்

எந்த விண்ணப்பமும் ஒப்புகை எண் இல்லாமல் கொடுக்காதீர்கள். கர்நாடகத்தில் 2012 முதல் சகாலா முறை உண்டு. அதில் வரும் சேவைகளுக்கு இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று கெடு இருக்கும். 15 இலக்க எண் ஒன்று தருவார்கள். அது இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும். "எண் எல்லாம் எதுக்கு சார், நாளைக்கு வாங்க" என்றால் அன்பாகச் சிரித்துக்கொண்டே அங்கேயே நில்லுங்கள்.

கோப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "என் விண்ணப்பத்தின்மேல் நாள்வாரியாக எடுத்த நடவடிக்கை, கோப்பு இப்போது எந்த அதிகாரியிடம் உள்ளது" என்று மட்டும் கேளுங்கள். ஏன் தாமதம் என்று கேட்டால் பதில் வராது, அந்தச் சட்டத்தில் காரணம் கேட்க முடியாது என்று சொல்லித் தட்டிவிடுவார்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதன்பின் 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு போடலாம்.